பூட்டில்லாத பெட்டி

21 ஜனவரி 2025, செவ்வாய்

நேற்று மத்தியானம் தேங்காப்பட்டணத்திலிருந்து படகு போய்விட்டது. இனி முப்பத்தைந்து நாள். ஐஸ் ஏற்றி, தண்ணீர் ஏற்றி, மாதா படத்துக்கு மாலை போட்டு எல்லாம் முறையாக நடந்தது. ஒன்று மட்டும் நடக்கவில்லை. அஜிஷாவின் விண்ணப்பத்தில் அவள் அப்பா கையெழுத்துப் போடவில்லை.

விளையாட்டு விடுதிக்கான விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் மகளை வெளியூரில் தங்கவைத்து, படிப்பும் கால்பந்தும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கோச்சே எழுதி நிரப்பிக் கொடுத்திருக்கிறார். கடைசி நாள் பிப்ரவரி 28.

நான் தாளை நீட்டினபோது என் வீட்டுக்காரர் மரியான் சொன்னது: "கையால தொட்டுப் பாக்காத வலைய நான் ஒருநாளும் கடல்ல எறக்கினது இல்ல. பிள்ளைய எப்பிடிட்டி எறக்க? அவ கோல் போஸ்டுல நிக்கத நான் கண்டதே இல்ல. காணாத காரியத்துக்கு கையெழுத்து இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமென்றால் சண்டை போட்டு முடித்துவிடலாம். இது நியாயமாக வேறு இருந்து தொலைக்கிறது. அவர் கரையில் இருப்பது மீன்பிடித் தடைக்காலத்து இரண்டு மாதம். அப்போது மழை, மைதானம் குளம். நாலு வருடமாகப் பிள்ளை விளையாடுகிறாள், அவர் கடலில் இருக்கிறார்.

நானே போட்டுவிடலாம். 'பெற்றோர்' என்றுதான் தாளில் இருக்கிறது. போட மாட்டேன். பிள்ளை வீட்டை விட்டுப் போகிறபோது அப்பன் முகம் கறுத்திருக்கக் கூடாது.

காணணும், அவ்வளவுதானே? காட்டுகேன்.

24 ஜனவரி, வெள்ளி

போன வருட ஆட்டத்தை நான் போனில் எடுத்ததை இன்று திரும்பப் பார்த்தேன். முன்னால் நிற்பவர்களின் தலை, கொஞ்சம் வானம், பாக்கியெல்லாம் என் சத்தம். "விடாதட்டி, விடாதட்டி!" பந்து வரும்போதெல்லாம் என் கை தரையைத்தான் காட்டுகிறது. மரியான் போன வருடமே இதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "இதுல எறும்பு எது, நம்ம பிள்ள எது?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய திரையில், நல்ல கேமராவில் இருக்க வேண்டும்.

வழி இருக்கிறது. திருவிழாப் போட்டியில் இந்த வருடம் முதல்முறையாகப் பெண்கள் ஆட்டம். பிப்ரவரி 2, 9, 16, மூன்று ஞாயிறு. ஊர் சேனலில் நேரலை. நம்ம கேபிள் நடத்துகிற சகாயம்தான் அந்தச் சேனலும் நடத்துகிறான். 98-ஆம் நம்பர். கொடியேற்று, பூசை, தேர், கல்யாணம், அடக்கம், எல்லாம் 98-இல்தான் பார்ப்போம்.

ஆட்டத்தின் காப்பி கிடைக்குமா என்று கேட்டேன்.

"நேரலை போனா போனதுதான் அக்கா. கேமராக்காரன் அன்னைக்கே மிஷின தூக்கிட்டு அடுத்த ஊர் திருநாளுக்குப் போயிருவான்."

"நெட்டுல போடமாட்டியா?"

"ஒருதடவ போட்டேன். மைக்செட்டுல சினிமா பாட்டு ஓடிச்சுன்னு அதத் தூக்கிட்டானுவ. அதுக்குப் பெறவு அந்தப் பக்கமே போகல்ல."

வீட்டுக்கு வந்து ரிமோட்டை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்று வருடமாகக் கையில் இருக்கிறது, அதன் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி இருப்பதை இன்றுதான் கவனிக்கிறேன். பென் டிரைவ் செருகி அதை அமுக்கினால் கேபிள் பெட்டி பதிவு செய்கிறது! பங்குச் சாமியார் பிரசங்கத்தில் ஐந்து நிமிடம் பிடித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சுத்தமாக வருகிறது.

2 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டுக்கு பூஜ்யம். ஜெயித்தாச்சு. அஜிஷா ஒன்றையும் உள்ளே விடவில்லை. பதிவும் ஆகிவிட்டது. பென் டிரைவை என் கல்யாண மோதிரம் இருக்கும் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

4 பிப்ரவரி, செவ்வாய்

கேபிள் பெட்டி செத்துவிட்டது. திருவிழா சீரியல் லைட் போட்டதிலிருந்து கரண்ட் ஆடிக்கொண்டே இருக்கிறது, அதில் போயிருக்கும். சகாயம் வந்து கம்பெனியின் புதுப் பெட்டி ஒன்றை வைத்தான். அதற்காக அவனைக் குறை சொல்ல மாட்டேன், சொன்ன நேரத்துக்கு வந்தான்.

ஆனால் பென் டிரைவைச் செருகினால் திறக்கவில்லை. 'அனுமதி இல்லை.'

"அது பழைய பெட்டிக்குள்ளதான் ஓடும் அக்கா. அப்பிடித்தான் கம்பெனி வச்சிருக்கு. பெட்டி போனா அதுல புடிச்சதும் போச்சு."

"பென் டிரைவு எனக்கது. டிவி எனக்கது. ஓடுகது என் பிள்ள. இதுக்கு இடையில உன் கம்பெனி எதுக்குடே பூட்டு போடுகான்?"

"நான் என்ன செய்ய அக்கா, பெட்டியே கம்பெனிக்குள்ளதுதானே."

புதுப் பெட்டியின் ரிமோட்டில் சிவப்புப் புள்ளியே இல்லை. அது நல்லது. ஏமாற்றாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறது.

5 பிப்ரவரி, புதன்

சொந்தமாக ஒரு பெட்டி வாங்குவேன். என் பெயரில், என் வீட்டில், யாரும் பூட்டாத பெட்டி.

7 பிப்ரவரி, வெள்ளி

என் தம்பி ஆன்றோ மஸ்கட்டில் எட்டு வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். ஆகையால் பிளக் உள்ள எல்லாப் பொருளும் அவனுக்குத் தெரியும். "எக்கா, கேபிள தூக்கிப் போடு. டிஷ் வச்சுக்க. உள்ளயே ரெக்கார்டிங் உள்ள பெட்டி வருகு. ஒரு பட்டனு, முடிஞ்சு" என்றான்.

நான் சும்மா தலையாட்டவில்லை. தையல் அளவு எழுதும் நோட்டில் கேள்விகளை எழுதிக்கொண்டு போய்க் கடையில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எத்தனை மணி நேரம் பிடிக்கும்? வேறு சேனல் பார்த்துக்கொண்டே பிடிக்குமா? கரண்ட் போனால் பிடித்தது அழியுமா? எல்லாவற்றுக்கும் நல்ல பதில். நாளைக் காலையில் வந்து மாட்டுகிறார்கள்.

8 பிப்ரவரி, சனி

அவமானம்.

ஆள் வந்தான், மொட்டை மாடியில் டிஷ் வைத்தான், படம் கண்ணாடி மாதிரி வந்தது. நான் முதலில் அமுக்கினது 98. ஏதோ ஊரில் யாரோ வைர மாலை விற்கிறார்கள். 99, 100, 200, 700 வரை போனேன். நம்ம சேனல் இல்லை.

எப்படி இருக்கும்? அது சகாயம் தன் மாடியிலிருந்து வயரில் அனுப்புகிறது. வானத்திலிருந்து எப்படி வரும்? இத்தனை வருடமாக 98 என்பது டிவிக்குள்ளேயே இருக்கிற ஒன்று என்றல்லவா நினைத்துவிட்டேன். அத்தனை கேள்வி எழுதினவள், எங்க ஊர் இதில் வருமா என்று ஒரு கேள்வி எழுதவில்லை. டிஷ்காரனிடம் கேட்டால், "இந்தக் கடற்கரையில மாசம் ரெண்டு வீட்டுல இதே சண்டைதான் அக்கா" என்கிறான். அதை நேற்றே கடையில் சொல்லக் கூடாதா?

ஆன்றோ சமாதானம் சொல்ல வந்தான். "எக்கா, உலகம் முழுக்க வருகு பாத்தியா."

"எனக்கு உலகம் வேண்டாம்டே. பள்ளி மைதானம் போதும்."

சொல்லிவிட்டு அழுகை வந்துவிட்டது. தம்பி முன்னால் அழுது பல வருடமாகிறது. நாளைக்கு இரண்டாவது ஆட்டம். கையில் ஒன்றும் இல்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

மைதானத்துக்குப் போய்க் கண்ணால் பார்த்தேன். ஒன்றுக்கு பூஜ்யம். அஜிஷா ஒரு பந்துக்கு இடது பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்தாள். முட்டி இரண்டும் தோல் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பந்தை உதைக்கும் முன் மைதானத்து மூலையில் சிலுவை நட்ட குருசடிப் பக்கம் திரும்பி, அங்கே நிற்கிற என்னைத் தேடுவாள், நான் கையைத் தூக்குவேன். நாலு வருடப் பழக்கம்.

என் வாழ்க்கையில் பார்த்த நல்ல ஆட்டம். பதிவாகவில்லை.

இனி ஃபைனல் மட்டும். 16-ஆம் தேதி, குலசேகரம் பிள்ளைகளோடு.

10 பிப்ரவரி, திங்கள்

டிஷ்ஷைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக மார்த்தாண்டம் போனேன். நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவன், "இப்ப யாரு ரெக்கார்டு பண்ணுகா, எல்லாம் போன்ல வருமே" என்றான். போனில் வராத ஒன்றுக்குத்தான் நான் அலைகிறேன் என்று அவனுக்கு எப்படிச் சொல்ல? இன்னொருவன் விலாசம் எழுதிக்கொடுத்தால் வரவழைத்துத் தருவானாம், இருபது நாள் ஆகுமாம்.

ஐந்தாவதாக, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்காணிப்புக் கேமரா விற்கிற கடை. வாசலில் 'டிவிஆர்', பதிவு செய்கிற பெட்டி, என்று போட்டிருந்ததால் ஏறினேன். கடைக்காரர் பெயர் ஷாஜன், நாற்பது வயதிருக்கும், அவசரமில்லாத மனிதர்.

"எத்தன கேமரா அக்கா?"

"கேமரா ஒண்ணும் வேண்டாம். டிவியில வருகத புடிக்கணும்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"உங்க கேபிள் பெட்டிக்குப் பொறத்தால மஞ்ச கலர்ல ஒரு ஓட்டை உண்டா?"

"உண்டு. மஞ்ச, வெள்ள, செவப்பு."

"அப்போ சான்ஸ் இருக்கு. இந்தப் பெட்டிக்கு வயர்ல வருகது கேமராவா டிவியான்னு ஒண்ணும் தெரியாது, கேட்டியளா. வருகத எழுதி வைக்கும். நான் இதுவரைக்கும் யாருக்கும் செஞ்சு கொடுத்ததில்ல. நாளைக்கு பெட்டிய கொண்டுவாங்க, மாட்டிப் பாப்போம். வரல்லன்னா வாங்காண்டாம்."

'வாங்காண்டாம்' என்று சொன்ன முதல் கடைக்காரர்.

11 பிப்ரவரி, செவ்வாய்

கேபிள் பெட்டியை ஜவுளிக்கடைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த அம்மா பலகாரம் என்று நினைத்திருப்பாள்.

ஷாஜன் கடையில் கேபிள் கிடையாது. அவர் மாடியில் குடியிருப்பவர் வீட்டு வயரை இழுத்து மாட்டினார். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை வயர் சத்தத்துக்கு. பத்து நிமிடம் ஓடவிட்டுத் திரும்பப் போட்டார். வருகிறது! படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் முகம் தெரிகிறது, சத்தம் தெளிவு.

நாலு வயர் மாட்டுகிற பெட்டி, எட்டு வயர் மாட்டுகிற பெட்டி என்று இரண்டு இருந்தன. எனக்கு ஒரு வயர்தான். சின்னதையே எடுத்தேன். வாங்கும் முன் நோட்டைத் திறந்து கடைசிக் கேள்வியைக் கேட்டேன்.

"இதுல புடிச்சத நாளைக்கு யாராவது பூட்டுவாங்களா?"

"பூட்டணும்னா நீங்கதான் பூட்டணும். பாஸ்வேர்டு நீங்க போடுங்க."

மரியானின் படகு நம்பரைப் போட்டேன். பிடித்ததை ஷாஜன் பென் டிரைவில் எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் போட்டார். யாரையும் கேட்காமல் திறந்தது.

13 பிப்ரவரி, வியாழன்

இரண்டு நாளாகச் சோதனை. பெட்டி தானாகவே இரவும் பகலும் பிடிக்கிறது. அதில் குறை ஒன்றும் இல்லை. குறையெல்லாம் கேபிள் பெட்டியில்தான். கரண்ட் ஒருதடவை கண் சிமிட்டினால் போதும், அணைந்து எழுந்து கம்பெனியின் விளம்பரச் சேனலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. யாராவது 98-ஐ மறுபடி அமுக்காவிட்டால் குக்கர் விளம்பரமே ஓடிக்கொண்டிருக்கும். நேற்று மட்டும் ஆறு தடவை. ஃபைனல் அன்று சீரியல் லைட், ஜெனரேட்டர், மைக்செட் எல்லாம் சேர்ந்து எத்தனை தடவை கரண்ட் ஆடுமோ.

யாராவது ரிமோட்டோடு வீட்டில் உட்கார வேண்டும். யார்? ஊரே மைதானத்தில் இருக்கும். ஆன்றோ கோட்டு நடுவராகக் கொடி பிடிக்கிறான். அவன் சும்மா இருந்தாலும், டிஷ்ஷுக்கு அப்புறம் அவன் கையில் ரிமோட் கொடுக்க எனக்கு மனசில்லை.

நான்தான், தெரிந்ததுதான். எழுதிப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

15 பிப்ரவரி, சனி

அஜிஷாவிடம் சொன்னேன். பூட்ஸுக்கு லேஸ் கோத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நீ வரமாட்டியா?"

"மேடை மேல கேமரா இருக்குமில்லியா, அதுக்குப் பொறத்தால நான் இருக்கேன்னு வச்சுக்க."

லேஸை உருவி முதலிலிருந்து கோத்தாள். எனக்கும் ஆசையில்லாமலா? நாலு வருடம் ஒரு ஆட்டம் விட்டதில்லை நான். அந்த மனுசன் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிட்டாரு, கெடந்து அனுபவிக்கது நான்.

16 பிப்ரவரி, ஞாயிறு

தோற்றுப்போனோம்.

நாலரைக்கு ஆரம்பம். நாலு மணிக்கே டிவி முன்னால் பாயைப் போட்டு, ரிமோட்டில் புது பேட்டரி போட்டு உட்கார்ந்தேன். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னல் வழியாக மைதானத்துச் சத்தம் வருகிறது, அதே சத்தம் டிவியிலும் வருகிறது.

முதல் பாதியில் இரண்டு தடவை கரண்ட் ஆடியது. இரண்டு தடவையும் உடனே 98 அமுக்கினேன். இரண்டாம் பாதியில் ஒரேயடியாகப் போய்விட்டது. நாலு நிமிடம். அந்த நேரத்தில் மைதானத்தில் பெரிய கூச்சல். நம்ம ஆளுகளா, அவங்களா? நான் இருட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று நிற்கிறேன். கரண்ட் வந்து, பெட்டி எழுந்து, குக்கரைக் காட்டி, 98 வந்தபோது பூஜ்யத்துக்கு ஒன்று. குலசேகரம் அடித்துவிட்டது. என் பிள்ளை வாங்கின கோலை நான் பார்க்கவில்லை.

கடைசி நிமிடத்தில் நாம் ஒன்று போட்டுச் சமன். பிறகு பெனால்டி.

முதல் பெனால்டிக்கு அஜிஷா கோட்டில் வந்து நின்றாள். பழக்கத்தில் குருசடிப் பக்கம் தலையைத் திருப்பினாள். பிறகு ஞாபகம் வந்தவள் மாதிரி நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வீட்டுக்குள் தனியாக நான் கையைத் தூக்கினேன்.

அதைப் பிடித்துவிட்டாள். நாலாவதையும் பிடித்தாள். ஆனால் நம்ம பிள்ளைகள் மூன்றை வெளியே அடித்துவிட்டார்கள். மூன்றுக்கு இரண்டு.

வந்ததும் குளிக்கப் போய்விட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

17 பிப்ரவரி, திங்கள்

அந்த நாலு நிமிடம் போக முழுசும் பதிவாகியிருக்கிறது. பென் டிரைவில் எடுத்து ஆன்றோவின் லேப்டாப்பில் போட்டோம், திறந்தது.

ஆனால் இது தோற்ற ஆட்டம். ஜெயித்த ஒன்று பூட்டுக்குள் போய்விட்டது, இன்னொன்று காற்றோடு போய்விட்டது. "இத அப்பாட்ட காட்டாதம்மா" என்கிறாள் அஜிஷா.

காட்டுவேன். அவர் பார்க்க வேண்டும் என்று சொன்னது பிள்ளையை. கோப்பையை அல்ல.

24 பிப்ரவரி, திங்கள்

படகு வந்துவிட்டது. மீன் பரவாயில்லையாம். குளித்து, சாப்பிட்டு, படுத்தவர்தான். விண்ணப்பப் பேச்சை இன்று எடுக்கவில்லை நான்.

26 பிப்ரவரி, புதன்

காலைச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் உட்கார வைத்தேன். அஜிஷா பள்ளிக்கூடம் போயிருந்தாள். "இது உங்க பிள்ள. பாருங்க." அதற்கு மேல் நான் பேசக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

முதல் பத்து நிமிடத்திலேயே பாயை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "காத்து தெக்கேருந்து அடிக்கி. அவ ரெண்டடி முன்னால நிக்கா, பாரு. யாரு சொல்லிக் கொடுத்தா?" என்றார். பிறகு, "கைய காட்டி எல்லாரையும் நிறுத்துகா. எங்க படகு ஓட்டுக ஸ்ராங்க் செய்யது மாதிரி."

நாலு நிமிடம் குறைகிற இடத்தில், "இது என்ன குக்கரு?"

"அது கரண்ட். பேசாம பாருங்க."

பெனால்டி வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ எதுக்கு மேல பாக்கா?"

"என்னைய பாக்கா."

"நீ மைதானத்துலதானே இருப்ப? நானும் அப்பவே புடிச்சு கூட்டத்துல உன்ன தேடிட்டு இருக்கேன். காணல்லியே."

சொன்னேன். பூட்டு, டிஷ், மார்த்தாண்டம், மஞ்சள் வயர், குக்கர், ரிமோட் எல்லாம். அவர் டிவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது பெனால்டி தன்பாட்டுக்கு ஓடி முடிந்தது.

"பொறத்தால எப்பிடிட்டி கொண்டுபோக?" என்று கேட்டார். காட்டிக்கொடுத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கிற இடத்துக்குக் கொண்டுபோனார். பார்த்தார். மறுபடியும் கொண்டுபோனார். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. துணி துவைக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது டிவி அணைந்திருந்தது. தாள் மேசை மேல் இருந்தது, கையெழுத்தோடு. அவர் பீடிக்கட்டோடு வாசலில் நின்றார்.

"கொள்ளாம்" என்றார். நல்லாயிருக்கு என்பதற்கு அவரிடம் இருக்கிற ஒரே வார்த்தை. யாரை என்று நான் கேட்கவில்லை.

28 பிப்ரவரி, வெள்ளி

விண்ணப்பம் கொடுத்தாச்சு. ஆடவைத்துப் பார்த்து எடுக்கிற தேர்வு மார்ச் 22, நாகர்கோவிலில்.

5 மார்ச், புதன்

விபூதிப் புதன். காலையில் கோயிலில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்ததிலிருந்து பென் டிரைவைத் தேடுகிறேன். மோதிர டப்பாவில் இல்லை. தையல் மெஷின் டிராயரில் இல்லை. அஜிஷாவின் பையைக் கவிழ்த்துப் பார்த்து அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெட்டிக்குள் பதிவு இருக்கிறது என்றாலும் எனக்குப் பதற்றம்.

படகு திங்கட்கிழமை போய்விட்டது. ஐஸ் ஏற்றக் கொச்சியில் நிற்கிறார்களாம், மத்தியானம் அவர் கூப்பிட்டார். பின்னால் ஒரே சிரிப்பும் கூச்சலும்.

"என்ன அங்க சத்தம்?"

"ரெண்டாமத்த பெனால்டி ஓடுகு. பென் டிரைவு எனக்க கையில இருக்கு. சொல்லாம எடுத்துட்டு வந்தேன். இஞ்ச ஒம்பது பேரும் பாத்தாச்சு, கேபின்ல குட்டி டிவி இருக்கில்லியா. குக்கரு வரும்போது எல்லாவனும் சாயா குடிக்கப் போறானுவ."

நான் திட்ட ஆரம்பித்தேன். அவர் விடவில்லை.

"இஞ்ச கேளு. இருபத்திரெண்டாந் தேதி நான் கடல்ல இருப்பேன். நீ பெட்டி வாங்குகேன், வயர் வாங்குகேன்னு அலையாத. போனையும் தூக்கிப் புடிக்காத. முன்னால போய் நில்லு, அவளுக்குக் காணும்படியா நில்லு. நீ கண்டுட்டு வந்து சொல்லு, போதும்."

"நீங்க காணாண்டாமா?"

"நீ கண்டா போதும்னு சொல்லுகேன்லாட்டி."

பிறகு ஐஸ் வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.

தேர்வு காலை ஏழு மணிக்கு. ஐந்து மணி பஸ்ஸில் போனால்தான் முன்வரிசை கிடைக்கும்.